ஓவர்சீயர் பதில்கள்: பாட்டியின் ஒட்டடைக் கம்பு

தெரு, சாக்கடை, குளம், குப்பை பற்றி வாசகர்கள் கேட்கிறார்கள். டெல்டாவில் மூன்று ஊர்களில் 34 வருஷம் நகராட்சி ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். எந்தெந்த ஊர் என்று கேட்காதீர்கள்; பென்ஷன் வாங்குகிறவர்.

கேள்வி: என் மாமனார் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்கு வர வேண்டும். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் இதே கதை. ஐப்பசி மழையில் ரேழி வரை தண்ணீர். தெருக்காரர்கள் நாங்கள் என்னதான் செய்ய முடியும்?
— ஒரு குடும்பத் தலைவி (ஊர் பெயர் போட வேண்டாம் என்கிறார்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தப் படிகளை விழுங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோடு போட்டால் மெஷின், கூலி, சுரண்டியதை அள்ளிப் போக லாரி என்று செலவு ஏறும், நாளும் ஏறும். சுரண்டாமல் மேலேயே போட்டால் காலையில் ஆரம்பித்து சாயங்காலம் ரோலரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம், மிஞ்சிப் போனால் மூன்று. அதற்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மூன்று தடவை போட்டால் ஒரு படி போயிருக்கும். அதற்குள் நாங்கள் மாற்றலாகிப் போயிருப்போம்.

1991 என்று ஞாபகம். ஒரு கோயில் மடவளாகத்தில் ரோடு வேலை. ஜல்லி கொட்டியாகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பாட்டி ஒருத்தி ஒட்டடைக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று மேஸ்திரி ஒதுங்கினான். அவள் கம்பைத் தெருவில் நட்டுக்குத்தலாக நிறுத்தித் திண்ணை விளிம்போடு சேர்த்துப் பிடித்தாள். கம்பில் அரிவாளால் வெட்டிய மூன்று தடம். "மேல இருக்கே, இது காமராஜர் இருந்தப்ப திண்ணை உயரம். இது எமர்ஜென்சி சமயம் ரோடு போட்டப்புறம். இது உங்களுக்கு முன்னாடி இருந்தாரே, குண்டா ஒருத்தர், அவரு போட்டது. உங்களுக்கு எங்க வெட்டட்டும் தம்பி?" என்றாள்.

அப்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டும் மில்லிங் மெஷின் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடப்பாரைதான். இரண்டு நாள் ஆள் விட்டு அந்த வீட்டின் முன்னால் மட்டும் பழைய ரோட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் போட்டேன். பக்கத்து வீடுகளுக்குச் செய்யவில்லை. அங்கெல்லாம் கம்பு இல்லை.

இப்போது உங்கள் கையில் அந்தப் பாட்டியைவிடக் கூடுதல் ஆயுதம் இருக்கிறது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடக் கூடாது, வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று அதிகாரிகளுக்குத் தெளிவாக உத்தரவு அனுப்பியிருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டி, வேலை ஆரம்பிக்கும் முன்பே, தெருவில் பத்து வீட்டார் கையெழுத்தோடு கமிஷனருக்கு மனு கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் திண்ணை விளிம்பிலிருந்து ரோடு வரை டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து இணையுங்கள். டேப்பில் எண் தெரிய வேண்டும். ரோடு போட்டபின் கொடுக்கும் மனுவுக்குப் பதில் கடிதம் வரும், ரோடு இறங்காது.

எஸ்டிமேட்டில் மில்லிங் சேர்த்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமா? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட் நகலும் எம் புக் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எம் புக் என்பது போட்ட வேலையின் நீளம், அகலம், கனத்தை நாங்கள் அளந்து எழுதும் புத்தகம். கான்ட்ராக்டருக்குப் பணம் போவது அதை வைத்துத்தான். பலருக்குத் தெரியாத இன்னொன்று: அதே சட்டத்தில், நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற சாமானின் மாதிரியை முறைப்படி எடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. என் சர்வீஸில் மாதிரி கேட்டு மனு போட்டவர் ஒரே ஒருவர். அந்தத் தெரு ரோடு இன்னும் நன்றாக இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். ரோட்டை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துச் சாக்கடைச் சுவரையும் உயர்த்திக் கட்டினால் தெருத் தண்ணீர் அதில் இறங்காது, உங்கள் ரேழியைத் தேடித்தான் வரும்.

கேள்வி: எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். 11 பேர்தான் வந்தோம். டீயும் வடையும் கொடுத்தார்கள், குறித்துக்கொண்டோம் என்றார்கள். இதற்குப் போவதில் பிரயோஜனம் உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரு நகராட்சி ஊர்

பதில்: 11 பேர் என்று வருத்தப்படாதீர்கள் சார். நான் உட்கார்ந்திருந்த கவுன்சில் கூட்டங்களில் 11 பேர் விழித்திருந்தால் அதிகம்.

கிராமத்தில் கிராம சபை என்றால் குழந்தைக்கும் தெரியும். நகரத்தானுக்கு அப்படி உட்கார்ந்து பேச இடமே இல்லாமல் இருந்தது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள ஊர்களில்தான் வார்டு குழு கட்டாயம் என்றார்கள். 2011 கணக்கில் தஞ்சாவூர் சுமார் 2.2 லட்சம், கும்பகோணம் சுமார் 1.4 லட்சம். திருச்சியை விட்டால் டெல்டா முழுக்க வெளியே நின்றது. அதற்கு மேல் 2016-லிருந்து 2022 வரை நம் நகராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரி ராஜ்யம். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் தமிழ்நாட்டில் பகுதி சபைகள் முதல் தடவையாகக் கூடின. ஆக, இது இப்போதுதான் தவழ்கிற குழந்தை. நீங்கள் போகாவிட்டால் அது வடை சாப்பிட்டே வளரும்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் அந்த 11 பேரும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். "ரோடு சரியில்லை, விளக்கு இல்லை, கொசு" என்றால் "ஆவன செய்யப்படும்" என்று எழுதி மூடிவிடுவோம். எனக்கு அந்த வாக்கியம் தூக்கத்திலும் வரும். "14-ம் நம்பர் வீட்டுக்கும் 16-க்கும் நடுவில் சாக்கடை மூடி உடைந்து ஆவணியிலிருந்து திறந்து கிடக்கிறது, ஸ்கூல் போகும் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள், போட்டோ இணைப்பு" என்று எழுதிக் கொடுத்தால் மூட முடியாது. கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் பக்கத்தில் நின்று, எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். ஆபீஸில் எழுதாத வார்த்தைக்கு ஆயுள் டீ ஆறும் வரைதான்.

கேள்வி: புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்ட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கோயில் பக்கத்துத் தெரு. வாசலில் கீரைக்காரி, பூக்காரி, இட்லி தள்ளுவண்டி. கார் திருப்ப முடியவில்லை. 2028-ல் மகாமகம் வேறு வருகிறது. இவர்களை அகற்ற ஒரு நல்ல மனு எழுதித் தர முடியுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முடியாது. கோபிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு 19 வருஷமாக ஒரு அம்மா கீரை கொண்டு வருகிறார். காலை ஆறே கால் மணி. முளைக்கீரை, அரைக்கீரை, வெள்ளிக்கிழமை மட்டும் பொன்னாங்கண்ணி. கோடி வீட்டில் ஒரு வாத்தியார் தனியாக இருந்தார்; பிள்ளை பெங்களூரில். ஒரு நாள் காலையில் அவர் வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடந்ததைக் கீரைக்கார அம்மா பார்த்திருக்கிறார். நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று. நாங்கள் பத்து பேர் அதே வாசலைத் தாண்டி வாக்கிங் போய்விட்டு வந்திருந்தோம். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டி, பதில் வராமல், எதிர்வீட்டுப் பையனைச் சுவரேறிக் குதிக்கச் சொன்னது அவர்தான். வாத்தியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடந்தார். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். அந்த அம்மாவிடம் மட்டும் பேரம் பேசுவதில்லை.

சட்டமும் அவர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஊரில் யார் யார் எங்கே வியாபாரம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் கிளப்பக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ். இதற்கென்று ஊருக்கு ஒரு நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் அதில் இடம் உண்டு. கார் திருப்புவது நிஜமான பிரச்சினை என்றால் அங்கே போய்ப் பேசுங்கள். இட்லி வண்டி நாலடி தள்ளி நின்றால் தீர்ந்துவிடலாம்.

மகாமகத்துக்கு வரும் லட்சக்கணக்கான பேருக்கும் பசிக்கும், சார். அன்றைக்கு அந்த இட்லி வண்டியைத் தேடப்போவது நீங்களும் உங்கள் விருந்தாளிகளும்தான்.

கேள்வி: நாங்கள் 20 இளைஞர்கள். எங்கள் தெருக் குளத்தை ஞாயிறுதோறும் இறங்கிச் சுத்தம் செய்தோம். வசூல் செய்து ஜேசிபி வைத்துத் தூர் வாரினோம். ஒரே வருஷத்தில் மறுபடி ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மனசு விட்டுப்போச்சு. எங்கே தப்பு?
— ஒரு தம்பி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி" என்று சொல்கிற சீமைக்காரர். அந்த வசனத்தை எல்லாரும் திருவாரூர் கோயில் குளமான கமலாலயத்தின் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று கணக்குப் போட்டு ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் பிடித்தது மூன்றாவது சொல். குளத்துக்கு எவ்வளவோ ஓடைக்கும் அவ்வளவு என்று வைத்திருக்கிறான். நீங்கள் குளத்தைப் பார்த்தீர்கள், ஓடையைப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக் குளம் மழையை மட்டும் நம்பி வெட்டியதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து, ஒரு குளம் நிரம்பி, அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் வடிகாலில் விழும். தண்ணீர் வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் வரத்து வாய்க்காலின் மேல் யாரோ படிக்கட்டு வைத்துவிட்டார்கள், யாரோ பாத்ரூம் குழாயை அதில் விட்டுவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் நின்றது, சாக்கடை வந்தது. ஆகாயத்தாமரைக்குச் சாக்கடைதான் உரம். நல்ல உரம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி அது. 20 பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கி அதை ஜெயிக்க முடியாது.

ஆகவே இந்த வருஷம் குளத்தில் இறங்காதீர்கள். வைகாசியில், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், வழக்கமாக ஜூன் 12 என்பார்களே, அதற்கு ஒரு மாசம் முன்னால், குளத்து மதகிலிருந்து கிளம்பி வாய்க்காலோடு ஆறு வரை நடந்து போங்கள். கையில் புலப்படம், அதாவது நிலத்தை அளந்து வரைந்த சர்வே படம், வேண்டும். புலப்படம், 'அ' பதிவேடு, நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் இப்போது அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். நான் சேர்ந்த காலத்தில் அதற்கு தாலுகா ஆபீஸில் மூன்று நாள் நிற்க வேண்டும். படத்தில் வாய்க்கால் எத்தனை அகலம், தரையில் எத்தனை என்று ஒவ்வொரு வளைவிலும் எழுதுங்கள். எந்தெந்த வீட்டுக் குழாய் உள்ளே விழுகிறது என்றும் எழுதுங்கள், ஆனால் அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி ஒட்டி ஆறு மாசம் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. முதலில் வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். பாதிப் பேருக்கு அது வாய்க்கால் என்றே தெரிந்திருக்காது. சாக்கடை என்று நினைத்துத்தான் குழாய் வைத்திருப்பார்கள். பாதாள சாக்கடை இருக்கும் தெரு என்றால் இணைப்பு வாங்க அலைந்து கொடுங்கள். அந்த அலைச்சலுக்கு உங்கள் 20 பேர் ஜேசிபியைவிட உபயோகம்.

ஜேசிபி என்றதும் ஞாபகம் வருகிறது. சேற்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் களிமண்ணைத் தாண்டி மணல் வரை தோண்டினால் தண்ணீர் தங்காது. படித்துறைக்கு நேர் எதிரே திடீர்ப் பள்ளம் எடுக்கவே கூடாது. வாடகைக்கு வந்தவன் மணிக்கணக்குப் பார்ப்பானே தவிர, அங்கே குளிக்கப்போகும் பிள்ளையைப் பார்க்க மாட்டான்.

நீங்கள் செய்தது புதிதும் இல்லை. குடிமராமத்து என்று நம் பாட்டன்மார் செய்ததுதான். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியோடு வர வேண்டும், வராவிட்டால் பணம் கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் 1858-ல் அதைச் சட்டமாகவே போட்டான். 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டு வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டமும் 1997-98-ல் வந்து, நின்று, 2021-ல் மறுபடி வந்தது. வசூல் செய்த பணத்தை அடுத்த தடவை அந்த வழியில் போடப் பாருங்கள். அப்படிச் செய்தால் குளம் நகராட்சிக் கணக்கில் ஒரு வேலையாக ஏறும். கணக்கில் ஏறிய குளத்தை அடுத்த வருஷம் மறந்துபோவது கொஞ்சம் கஷ்டம்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் தெரு மரமெல்லாம் போய்விட்டது. தெருக்காரர்கள் சேர்ந்து மறுபடி வைக்க நினைக்கிறோம். என்ன மரம்?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பூவரசு, புங்கன். இடம் விசாலமாக இருந்தால் வேம்பு. தூங்குமூஞ்சியும் மே ஃபிளவரும் நிழல் கொடுக்கும், காற்றடித்தால் முறியும். மின் கம்பிக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள். வருஷா வருஷம் ஈபிக்காரர் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார். அவரைத் திட்டியும் பயனில்லை. பேவர் பிளாக் போட வரும்போது மரத்தைச் சுற்றி மூன்றடி மண் விடச் சொல்லி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்டு வரை கல் பதித்துவிட்டால் மரத்துக்கு மூச்சு முட்டும்.

2018 நவம்பர் 16 காலையில், கவர்மெண்ட் வருவதற்கு முன்னால், அரிவாளும் கயிறுமாகத் தெருக்காரர்கள் ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழி விட்டதை நான் பார்த்தேன். அந்தத் தெருக்களில் பாதியில் இன்னும் நிழல் இல்லை. உங்கள் கடிதம் பார்த்துச் சந்தோஷம்.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, உங்கள் தெருமுனையில் குப்பை இல்லையா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: இருந்தது. வீட்டுக்கு வீடு வந்து வாங்குகிறோம் என்று குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டார்கள். தொட்டி போனது, தொட்டி இருந்த இடம் போகவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பை பையாக விழும். முதலில் "இங்கு குப்பை கொட்டாதீர்" என்று எழுதினோம். அதற்கு நேர் கீழே கொட்டினார்கள். அப்புறம் சுவரில் சாமி படம் ஒட்டினோம். இரண்டு வாரம் பயந்தார்கள். பிறகு சாமியைத் தள்ளி நாலடியில் கொட்டினார்கள். கேமரா இருக்கிறது என்று பொய் போர்டும் வைத்துப் பார்த்தோம்.

கடைசியில் என் மனைவிதான் சுக்குக் காபி விற்கும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, சாயங்காலம் இங்க நில்லு, கரண்ட் எங்க வீட்டிலேருந்து ஒரு பல்புக்கு எடுத்துக்கோ" என்றாள். மறுநாளே இடத்தைக் கழுவி, கோலம் போட்டு, இரண்டு பெஞ்சும் போட்டுவிட்டான். இப்போது பத்தரை மணி வரை அங்கே ஆள் இருக்கிறது, கிரிக்கெட்டும் அரசியலும் ஓடுகிறது. பை விழுவதில்லை. தூய்மைப் பணியாளர் அம்மாவும் காலையில் அந்தப் பெஞ்சில்தான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உடைந்த கண்ணாடியையும் நாப்கினையும் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள், கை கிழிகிறது என்று. நாப்கினைப் பற்றி 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதியே அதைத்தான் சொன்னது. எங்கள் தெருவில் அதற்கு அந்த அம்மா வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காபிப் பையனுக்கு லீவு. அன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு பை, எப்போதும் அதே பச்சை நிறக் கவர், விழுகிறது. யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் குடியிருப்பவர். ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கொடுப்பவர். எட்டு மாசமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.